அமெரிக்காவில் ஆடியாலஜி, ஸ்பீச் பத்தாலஜி மேற்படிப்பு: விண்ணப்பம் முதல் விசா வரை முழுமையான வழிகாட்டி

பிஏஎஸ்எல்பி (கேட்டல், பேச்சுக் குறைபாடுகளைச் சோதித்துச் சிகிச்சை தரக் கற்றுத்தரும் இளநிலைப் படிப்பு) இன்டர்ன்ஷிப்பில் இருப்பவர்கள் அமெரிக்கப் படிப்பு பற்றிப் பேச ஆரம்பித்ததும் கேட்கும் முதல் கேள்வி "எந்த யுனிவர்சிட்டி நல்லது?" என்பதுதான். அதை நான்காவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து எந்த மாநிலத்தில், எந்த லைசென்ஸோடு, எந்த விசாவில் வேலை பார்க்கப் போகிறீர்கள் என்பதிலிருந்து பின்னோக்கி வந்தால் எந்தப் பட்டம், எந்தக் கல்லூரி, எவ்வளவு பணம் என்பதெல்லாம் ஓரளவு தானே தெளிவாகிவிடும். இது லைசென்ஸ் இல்லாமல் செய்ய முடியாத தொழில். ரேங்கிங் பட்டியலைப் பார்த்து இடம் பிடித்துவிட்டு, வேலைக்குப் போகும் நேரத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

முதல் படி: எந்தப் பட்டம் என்று முடிவு செய்யுங்கள்

இந்தியாவில் பிஏஎஸ்எல்பி இரண்டு துறைகளையும் சேர்த்துச் சொல்லித் தருகிறது. அதன் பிறகு எம்எஸ்சி ஆடியாலஜி அல்லது எம்எஸ்சி ஸ்பீச் லாங்வேஜ் பத்தாலஜி. எதுவானாலும் இரண்டு வருடம். அமெரிக்காவில் கணக்கு வேறு. ஸ்பீச் லாங்வேஜ் பத்தாலஜிக்கு இரண்டு வருட மாஸ்டர்ஸ் போதும். ஆடியாலஜிக்கு ஏயுடி என்ற கிளினிக்கல் டாக்டரேட் வேண்டும். பெரும்பாலான இடங்களில் நான்கு வருடம், சில இடங்களில் மூன்று. அமெரிக்கப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கமான ஆஷா, 2012 முதல் ஆடியாலஜி சான்றிதழுக்கு முனைவர் நிலைப் பட்டத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. (நம்மூர் ஆஷா பணியாளர்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.) அதாவது, ஆடியாலஜியைத் தேர்ந்தெடுத்தால் செலவும் காலமும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மனதுக்குப் பிடித்தது ஆடியாலஜிதான் என்றால் தாராளமாகப் போங்கள். இரண்டில் எதுவானாலும் சரி என்று இருப்பவர்கள் இந்த வித்தியாசத்தை வீட்டில் உட்கார்ந்து பேசிவிட வேண்டும்.

ஏற்கெனவே எம்எஸ்சி முடித்தவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்பீச் பக்கம் எம்எஸ்சி முடித்திருந்தால், அமெரிக்காவில் இன்னொரு மாஸ்டர்ஸ் படிக்கத்தான் வேண்டுமா என்பதை முதலில் பாருங்கள். வெளிநாட்டில் படித்தவர்களும் ஆஷாவின் ஸ்பீச் சான்றிதழுக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகம் அந்நாட்டு அமைப்பின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். பாடங்களும் பயிற்சி நேரமும் ஆஷா கேட்கும் அளவுக்கு இருக்க வேண்டும். கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சங்கங்களோடு ஆஷாவுக்குப் பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் உண்டு. இந்தியா அதில் இல்லை. அதனால் ஒவ்வொரு தாளையும் காட்டி நிரூபிக்க வேண்டியிருக்கும். சிரமம்தான், ஆனால் இரண்டு வருடக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் முயன்று பார்க்கத் தகுந்தது. எம்எஸ்சி ஆடியாலஜிக்காரர்களுக்கு அந்த முனைவர் நிலை விதி குறுக்கே நிற்கும்.

ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ள எம்எஸ்சிக்காரர்கள் பிஎச்டியைத் தனியாக யோசிக்கலாம். அங்கே கட்டண விலக்கும் மாத உதவித்தொகையும் கிடைக்கும் வாய்ப்பு கிளினிக்கல் படிப்புகளைவிட மிக அதிகம். ஆனால் பிஎச்டி மட்டும் இருந்தால் கிளினிக்கில் உட்கார முடியாது.

இரண்டாம் படி: அங்கீகாரம்

ஆஷாவின் கீழ் இயங்கும் சிஏஏ என்ற குழுதான் ஸ்பீச் மாஸ்டர்ஸுக்கும் ஏயுடிக்கும் அங்கீகாரம் தருகிறது. ஆஷாவின் எட்ஃபைண்ட் என்ற தேடல் பக்கத்தில் எல்லாப் படிப்புகளும் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத படிப்பு எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். படிப்பின் பெயரையும் கவனிக்க வேண்டும்: ஒரே துறையிலேயே லைசென்ஸுக்கு வழிவிடும் கிளினிக்கல் மாஸ்டர்ஸும், வழிவிடாத ஆராய்ச்சி மாஸ்டர்ஸும் இருக்கலாம்.

ஸ்பீச் மாஸ்டர்ஸில் ஆன்லைன் படிப்புகள் நிறைய வந்துவிட்டன. பலவும் சிஏஏ அங்கீகாரம் பெற்றவையே. ஆனால் முழுக்க ஆன்லைனில் நடக்கும் படிப்புக்கு ஐ-20 (விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை ஆவணம்) கிடைக்காது, எஃப்-1 மாணவர் விசாவும் கிடைக்காது. தேடும்போதே அவற்றை வடிகட்டிவிடுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் பாடங்களில் ஓட்டை எங்கே?

இதை யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக.

ஸ்பீச் சான்றிதழுக்கு ஆஷா நான்கு அடிப்படைப் பாடங்களைக் கேட்கிறது: உயிரியல், இயற்பியல் அல்லது வேதியியல், புள்ளியியல், சமூக அல்லது நடத்தை அறிவியல். நான்கும் கல்லூரி அளவில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் படித்த பிசிக்ஸ் கணக்கில் வராது. "பிஏஎஸ்எல்பியில் எல்லாமே இருக்கிறதே" என்று தோன்றும். உளவியல் தாள் சமூக அறிவியலுக்குப் போய்விடும், அனாட்டமி பிசியாலஜி உயிரியலுக்குப் பெரும்பாலும் போகும். சிக்கல் மற்ற இரண்டில். துறைக்குள் நடத்தப்படும் ஆராய்ச்சி முறைகள் தாளைப் புள்ளியியலுக்குப் பதிலாக ஏற்க முடியாது என்று ஆஷா வெளிப்படையாகவே சொல்கிறது. உங்கள் மார்க் ஷீட்டில் ஆராய்ச்சி முறைகளும் புள்ளியியலும் ஒரே தாளாக இருந்தால் கேள்வி வரும். எலக்ட்ரானிக்ஸ் அண்ட் அகூஸ்டிக்ஸ் தாளை இயற்பியலாக எடுத்துக்கொள்வார்களா என்பதும் அந்தத் துறைத் தலைவரின் முடிவு.

செய்ய வேண்டியது எளிது. அந்தத் தாள்களின் சிலபஸைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, விண்ணப்பிக்க நினைக்கும் துறைக்கு ஜூலை, ஆகஸ்டிலேயே மெயில் அனுப்பி, "இது போதுமா?" என்று கேளுங்கள். போதாது என்றால் பல இடங்களில் சேர்ந்த பிறகு ஒரு கோர்ஸ் எடுத்துச் சரிசெய்துகொள்ள விடுவார்கள். அந்தப் பதில் மெயிலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்தது பயிற்சி நேரம். ஸ்பீச் சான்றிதழுக்கு மொத்தம் 400 மணி நேரம்: 25 மணி பார்வையிடல், 375 மணி நேரடி சிகிச்சை. அந்த 375-ல் 325 மணி மாஸ்டர்ஸ் படிக்கும்போது செய்ததாக இருக்க வேண்டும். இளநிலையிலிருந்து கொண்டுவர இடம் இருப்பது 50 மணிக்குத்தான், அதுவும் மேற்பார்வை செய்தவர் ஆஷா சான்றிதழ் பெற்றவராக இருந்தால். ஆகவே உங்கள் இன்டர்ன்ஷிப் வருடம் முழுவதையும் மணிக்கணக்கில் பார்த்தால் ஏறக்குறைய பூஜ்யம். வருத்தமாக இருக்கும். ஆனால் அந்த ஒரு வருடம்தான் உங்கள் கட்டுரையில் பேசப் போகிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். பார்வையிடல் நேரத்தைச் சேருவதற்கு முன்பே கேட்கும் படிப்புகள் உண்டு. மாஸ்டர் கிளினீஷியன், சிமுகேஸ் போன்ற தளங்களில் கட்டணம் கட்டி வீடியோ வழியாக முடித்துக்கொள்ளலாம். அந்தத் துறை அதை ஏற்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மொழியியல், உளவியல், இன்ஜினியரிங் என்று வேறு துறையிலிருந்து வருபவர்கள் ஃபோனெடிக்ஸ், ஆடியாலஜி அறிமுகம், மொழி வளர்ச்சி போன்ற அடிப்படைத் தாள்களை முதலில் படிக்க வேண்டும். சில பல்கலைக்கழகங்கள் அதையும் சேர்த்து மூன்று வருட மாஸ்டர்ஸாக நடத்துகின்றன.

நான்காம் படி: சான்றிதழ்களும் அந்த இனிஷியலும்

வெளிநாட்டு மதிப்பெண்களை அமெரிக்க முறைக்கு மாற்றிக் காட்ட ஒரு மதிப்பீட்டு நிறுவனம் தேவை, பெரும்பாலும் டபிள்யூஇஎஸ். தாள்வாரியான மதிப்பீட்டைக் கேளுங்கள்; பட்டத்தை மட்டும் மதிப்பிடும் மலிவான அறிக்கை இதற்கு உதவாது. டிரான்ஸ்கிரிப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து நேராகப் போக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரியில் படித்திருந்தால் கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் அதன் தேர்வுப் பிரிவு. வாரக்கணக்கில் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு ஆகஸ்டிலேயே ஆரம்பியுங்கள்.

தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்றே ஒரு தலைவலி உண்டு: பெயர். மார்க் ஷீட்டில் "கவிதா எஸ்". பாஸ்போர்ட்டில் பெயர் கவிதா, குடும்பப் பெயர் சுப்பிரமணியன். டோஃபல் ஆங்கிலத் தேர்வுப் பதிவில் எதையோ போட்டிருப்பீர்கள். விண்ணப்பத் தளத்துக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். மதிப்பெண் வந்து சேர்ந்தும் உங்கள் கோப்போடு ஒட்டாமல் கிடக்கும். பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் எல்லா இடத்திலும் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். விண்ணப்பத்தில் "வேறு பெயர்கள்" என்று ஒரு கட்டம் இருக்கும். மார்க் ஷீட் பெயரை அங்கே எழுதுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருந்தால், தேர்வுக்குப் பதிவு செய்வதற்கு முன் அதைத் திருத்திக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: தேர்வுகள்

பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இ-யைப் பல துறைகள் கைவிட்டுவிட்டன. உங்கள் பட்டியலில் உள்ளவை கேட்கவில்லை என்றால் எழுதாதீர்கள். ஆங்கிலத் தேர்வு விஷயம் வேறு: பல்கலைக்கழகத்தின் பொது வரம்பு ஒன்றாகவும், ஸ்பீச் துறையின் வரம்பு அதைவிட உயரமாகவும் இருக்கும், குறிப்பாகப் பேசும் பகுதியில். துறையின் பக்கத்தைப் பாருங்கள்.

ஆறாம் படி: பட்டியல் போடுதல்

ரேங்கிங்கைவிடப் பயனுள்ள ஒன்று இருக்கிறது. சிஏஏ அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு படிப்பும் தன் இணையப் பக்கத்தில் சில விவரங்களை வெளியிட வேண்டும்: எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேர் பிராக்சிஸ் என்ற தொழில் தகுதித் தேர்வில் தேறினார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது. மூன்று வருடக் கணக்கு இருக்கும். உரிய காலத்தில் முடிப்பவர்கள் குறைவாக உள்ள இடத்தில், கூடுதல் செமஸ்டருக்கும் சேர்த்து நீங்கள்தான் பணம் கட்டுவீர்கள்.

அப்புறம் கிளினிக். காது கேட்டல் பக்கம் ஆர்வம் என்றால், டெக்சஸ் பல்கலைக்கழகம் டல்லஸின் காலியர் சென்டர், நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டின் பில் வில்கர்சன் சென்டர் போன்று பெரிய கிளினிக்கோடு ஒட்டி நடக்கும் படிப்புகளைப் பாருங்கள். திக்குவாய் என்றால் அயோவா பல்கலைக்கழகத்துக்கு நீண்ட பாரம்பரியம். அங்குள்ள மையமே வெண்டெல் ஜான்சன் பெயரில்தான் இருக்கிறது. வாஷிங்டனில் உள்ள காலடெட் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க சைகை மொழி அன்றாட மொழி. காதுகேளாதோர் சமூகத்தின் பார்வையிலிருந்து ஆடியாலஜியைக் கற்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் எண்ணம்.

ஆறு முதல் எட்டு இடங்கள் போதும். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கிறார்களா, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் வெளிமாநிலக் கட்டணம் எவ்வளவு, அவர்கள் பட்டம் எந்தெந்த மாநில லைசென்ஸுக்குப் பொருந்துகிறது என்ற மூன்றையும் ஒவ்வொன்றுக்கும் எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: சிஎஸ்டி-காஸ் விண்ணப்பம்

பெரும்பாலான துறைகள் சிஎஸ்டி-காஸ் என்ற பொது விண்ணப்பத் தளத்தைப் பயன்படுத்துகின்றன. அடுத்த ஆகஸ்ட் சேர்க்கைக்கான விண்ணப்பம் முந்தைய கோடையிலேயே திறந்துவிடும். கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள். முதல் படிப்புக்கு ஒரு கட்டணம், அடுத்தடுத்தவற்றுக்குக் குறைந்த கட்டணம். சில பல்கலைக்கழகங்கள் இதற்கு மேல் தங்கள் சொந்த விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் கேட்கும். அதைத் தவறவிட்டால் கோப்பைத் திறக்கவே மாட்டார்கள்.

கடைசித் தேதியிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஒரு துறைக்கு அது நீங்கள் "சமர்ப்பி" அழுத்த வேண்டிய நாள். இன்னொரு துறைக்கு டிரான்ஸ்கிரிப்ட் உட்பட எல்லாமே வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாள். மூன்றாவது துறைக்கு, தளம் அவற்றைச் சரிபார்த்து முடித்திருக்க வேண்டிய நாள். சரிபார்ப்புக்கே வாரங்கள் ஆகும். ஆகவே ஜனவரி 15 என்று போட்டிருந்தால் டிசம்பர் முதல் வாரம் என்று படித்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் படி: எஸ்ஓபி (நோக்கக் கட்டுரை)

"சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவ வேண்டும் என்பது என் ஆசை. என் உறவினர் ஒருவருக்குக் காது கேட்காது..." இப்படித் தொடங்கும் கட்டுரைகள் குவியல் குவியலாக வருகின்றன. உங்களிடம் அமெரிக்க இளநிலை மாணவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. அவர்களில் பலர் நோயாளியைத் தள்ளி நின்று பார்த்தவர்கள். நீங்கள் ஒரு வருடம் ஓபியில் வரிசையாக வந்தவர்களைக் கையால் தொட்டுச் சோதித்தவர்கள். அதை எழுதுங்கள்.

எப்படி? ஓர் உதாரணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்ப்ளான்ட் (கேட்க உதவ உள்காதில் பொருத்தும் கருவி) வைத்த நான்கு வயதுப் பையன். கிளினிக்கில், கேட்கும் திறனைச் சோதிக்கும் லிங் ஒலிகள் ஆறையும் கேட்டுத் திருப்பிச் சொல்கிறான். வீட்டில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்கிறார் அம்மா. விசாரித்தால் ஒரே அறை வீடு, டிவி நாள் முழுக்க ஓடுகிறது, கீழே லேத் பட்டறை. அமைதியான அறையில் எடுத்த மதிப்பெண்ணுக்கும் அவன் வாழும் வீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நீங்கள் எப்படிக் கவனித்தீர்கள், சிகிச்சையில் என்ன மாற்றினீர்கள், இரைச்சலில் அவன் கேட்கும் திறனைச் சோதிக்க அவன் வயதுக்கேற்ற தமிழ்ச் சொற்பட்டியலை எங்கெல்லாம் தேடினீர்கள், விடை கிடைக்காமல் நின்றுபோன கேள்வி எது. அந்தக் கேள்வியையும், அந்தத் துறையில் அதைப் பற்றி வேலை செய்யும் ஒரு பேராசிரியரையும் இணைத்து எழுதினால் கட்டுரையின் பாதி முடிந்தது. அந்தப் பேராசிரியரின் கட்டுரை ஒன்றையாவது உண்மையில் படித்துவிட்டு எழுதுங்கள், படிக்காதது தெரிந்துவிடும்.

பையனின் பெயரோ, அடையாளம் தெரியும் விவரமோ வேண்டாம். நோயாளியின் ரகசியத்தை அவர்கள் மிகக் கடுமையாக எடுத்துக்கொள்வார்கள். ஒரு செமஸ்டரில் மதிப்பெண் சரிந்திருந்தால் இரண்டே வரியில் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். கன்சல்டன்சிகள் எழுதித் தரும் மாதிரிகளைத் தொடவே வேண்டாம். ஒரே வாக்கியம் நான்கு பேர் விண்ணப்பத்தில் வந்தால் நால்வருக்கும் கேடு.

ஒன்பதாம் படி: பரிந்துரைக் கடிதங்கள்

பொதுவாக மூன்று. நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது: "நீங்களே டிராஃப்ட் போட்டுக் கொண்டு வாங்கம்மா, கையெழுத்துப் போடறேன்." இங்கே அது செல்லாது. தளம் பரிந்துரைப்பவருக்கு நேரடியாக மெயில் அனுப்பும். அவர் உள்ளே போய்க் கடிதத்தை ஏற்ற வேண்டும், பல குணங்களுக்கு மதிப்பீடும் போட வேண்டும். எச்ஓடி என்பதற்காக உங்களைத் தெரியாதவரிடம் போகாதீர்கள். கிளினிக்கில் உங்களைத் தினமும் திருத்திய சூப்பர்வைசரின் கடிதத்துக்கு எடை அதிகம். கல்லூரி மெயில் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்ற கேள்விக்கு "ஆம்" போடுங்கள். இல்லாவிட்டால் கடிதத்தின் மேல் நம்பிக்கை குறையும்.

சாரிடமோ மேடமிடமோ அக்டோபரிலேயே சொல்லிவிட்டு, நீங்கள் பார்த்த கேஸ்கள், செய்த புராஜெக்ட் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். நினைவூட்டத் தயங்காதீர்கள். ஸ்பாம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: நேர்காணலும் நம் உச்சரிப்பும்

பல துறைகள் வீடியோவில் பேசச் சொல்கின்றன. சிலவற்றில் ஆள் இல்லாமல், திரையில் கேள்வி தோன்றும், ஒன்றிரண்டு நிமிடத்தில் பதிலைப் பதிவு செய்ய வேண்டும். பதில் தெரியாதபோது என்ன செய்வீர்கள், சூப்பர்வைசர் திருத்தினால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள், உங்களோடு ஒத்துப்போகாத பெற்றோரை எப்படிக் கையாள்வீர்கள் என்ற மாதிரி கேள்விகள்தான் அதிகம்.

தமிழ் உச்சரிப்போடு அமெரிக்காவில் ஸ்பீச் தெரபி செய்ய முடியுமா என்று பலருக்கும் உள்ளுக்குள் பயம். இதற்கு ஆஷா 1998-லேயே பதில் சொல்லியிருக்கிறது: உச்சரிப்பு வேறாக இருப்பதை மட்டும் காரணமாக வைத்து மாணவரையோ தொழில் செய்பவரையோ ஒதுக்கக் கூடாது. நோயைக் கண்டறியும் திறன் வேண்டும், சிகிச்சைக்குரிய ஒலியையோ இலக்கணக் கூறையோ சரியாகச் செய்துகாட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அந்த "செய்துகாட்டுவது" முக்கியம். நமக்குச் சிக்கல் தருவன வி-டபிள்யூ வேறுபாடு, நாக்கைப் பல்லிடுக்கில் வைக்கும் அந்த டிஎச் ஒலிகள், இசட். அன்றாடப் பேச்சை அமெரிக்க பாணிக்கு மாற்றிக்கொள்ளத் தேவையில்லை. இந்த ஒலிகளைக் கேட்டதும் தனியாகச் சொல்லிக்காட்டும் அளவுக்குப் பழகிக்கொண்டால் போதும்.

பதினோராம் படி: ஆஃபரும் பணமும்

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். பதில் சொல்ல ஏப்ரல் 15 வரை அவகாசம் தரும் துறைகள் அதிகம். காத்திருப்போர் பட்டியலில் இருந்தால், இன்னும் ஆர்வமாக இருப்பதாகப் பணிவாக ஒரு மெயில் போடலாம். இரண்டு போட வேண்டாம்.

கிளினிக்கல் மாஸ்டர்ஸில் முழு உதவித்தொகை அரிது. ஏயுடியில் கொஞ்சம் பரவாயில்லை. அசிஸ்டன்ட்ஷிப் (துறைக்கு வேலை செய்து உதவி பெறுவது) கிடைத்தால், கட்டணம் எவ்வளவு குறைகிறது, அடுத்த வருடமும் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். எஃப்-1-ல் செமஸ்டர் நடக்கும்போது வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்தச் சம்பளத்தை நம்பி லோன் கணக்குப் போடாதீர்கள்.

பன்னிரண்டாம் படி: விசா, அதன் பின்னால் வரும் கடிகாரம்

முதல் வருடச் செலவுக்கான பணத்தைக் காட்டினால் ஐ-20 வரும். மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணம், டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பம், பிறகு சென்னை ஜெமினி மேம்பாலம் பக்கத்துத் துணைத் தூதரகத்தில் நேர்காணல். இதெல்லாம் மற்ற மாணவர்களுக்கும் பொதுவானது. நம் துறைக்கென்று உள்ளவை வேறு.

ஏயுடிக்காரர்கள்: கடைசி வருட எக்ஸ்டர்ன்ஷிப் (வெளி கிளினிக்கில் பயிற்சி), சிபிடி என்ற படிப்புக்கால வேலைப் பயிற்சி அனுமதியில் நடக்கும். முழுநேர சிபிடி 12 மாதத்தைத் தொட்டுவிட்டால் ஓபிடி (படிப்பு முடிந்த பின் கிடைக்கும் வேலை அனுமதி) போய்விடும். சில நாள் வித்தியாசத்தில் ஒரு வருட வேலை அனுமதி கையை விட்டுப் போகலாம். தேதிகளைப் போடும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் உட்கார்ந்து பேசுங்கள்.

ஸ்பீச் பக்கம்: பட்டத்துக்குப் பிறகு கிளினிக்கல் ஃபெலோஷிப் என்று 36 வாரம், குறைந்தது 1,260 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். பிராக்சிஸ் தேர்வில் 162 எடுக்க வேண்டும். ஓபிடி 12 மாதம்; ஃபெலோஷிப் அதற்குள் அடங்கிவிடும், ஆனால் மிச்சம் அதிகமில்லை. ஓபிடியில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. ஃபெலோஷிப் தொடங்கவே பெரும்பாலான மாநிலங்களில் தற்காலிக லைசென்ஸ் வேண்டும். அது வர வாரங்கள் ஆகும். படிப்பு முடியும் முன்பே ஓபிடிக்கும் லைசென்ஸுக்கும் சேர்த்தே விண்ணப்பிப்பவர்கள்தான் தப்பிக்கிறார்கள். பிற்பாடு எச்-1பி வேலை விசா அல்லது கிரீன் கார்டு என்று போகும்போது, இரு துறையினருக்கும் விசாஸ்கிரீன் என்ற தனிச் சான்றிதழ் தேவை, அமெரிக்காவிலேயே படித்தவர்களுக்கும்தான்.

கிளம்பும் முன்

கிளினிக்கில் கால் வைக்கும் முன் கைரேகை, பின்னணிச் சோதனை, தடுப்பூசி ஆவணங்கள் எல்லாம் கேட்பார்கள். சிறு வயது தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். இல்லை என்றால் தட்டம்மை, சின்னம்மை, ஹெபடைடிஸ் பி ஆகியவற்றுக்கு ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் அளவை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். குறைவாக இருந்தால் ஊசியையும் போட்டுவிடலாம், செலவு மிகக் குறைவு. காசநோய்ச் சோதனைக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: நாமெல்லாம் பிசிஜி போட்டவர்கள், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை சிலருக்குப் பாசிட்டிவ் காட்டும், உடனே எக்ஸ்ரே, மருத்துவர் கடிதம் என்று இழுத்துவிடுவார்கள். ரத்தத்தில் பார்க்கும் இக்ரா சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.